நேரில் பார்த்தேன், உண்மை

லிஃப்ட் கம்பெனி அனுப்பிய கடிதம் ஒன்று திரும்பி வந்தது. ஒரு குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அதில் இருந்த ஆங்கிலத்தைச் சிவப்பு மையில் திருத்தி, கீழே பத்துக்கு மூன்று என்று மார்க்கும் போட்டிருந்தார். அவர் ஓய்வு பெற்ற வாத்தியார் என்பது பிறகு தெரிந்தது. தெரிந்தும் மேனேஜருக்கு மனசு ஆறவில்லை. கடிதத்தை எழுதியது அவர்தான்.

அந்த வாரமே உத்தரவு போட்டார். காலியாக இருந்த சூப்பர்வைசர் வேலைக்கு வருகிறவர் ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும். ஐம்பது வாக்கியம். ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கணப் பிழை. கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ்.

பத்து வருஷம் சர்வீஸ் முடித்த மெக்கானிக்குகள்தான் எழுதலாம் என்று விதி. அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஏணி. மற்றவர் விசில். விசில் வேலை செய்யும்போது விசிலடிப்பார். வேலை செய்யாதபோதும் அடிப்பார். ஏணிக்கு அந்தப் பெயர் வந்த காரணம் இன்னும் எளிது. பத்தொன்பது வருஷமாக யார் எப்போது தேடினாலும் அவர் ஏதாவது ஓர் ஏணியில் இருந்தார்.

லிஃப்டின் மெஷின் ரூம் மொட்டை மாடிக்கும் மேலே இருக்கும். கடைசி மாடி வரை லிஃப்டில் போகலாம். அதற்கு மேல் சுவரில் பதித்த இரும்பு ஏணி. பதினெட்டுப் படி, இருபது படி. ஒரு நாளைக்கு ஆறு கட்டடம். ஏணியின் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, நீங்கள் விளையாட்டு வீரரா என்று கேட்டார். இன்னும் இரண்டு வருஷம் ஏறினால் பிறகு தரையில் நடப்பதே கஷ்டம் என்றார்.

சூப்பர்வைசர் ஏற வேண்டாம். கீழே நின்று மெக்கானிக்கை ஏற்றி, கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். இதை டாக்டரிடம் சொன்னது ஏணியின் மனைவி. அப்படியானால் அந்த வேலையை வாங்குங்கள் என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுக்காத குறை.

ஏணியின் மனைவி மருந்துக்கடையில் கவுன்டரில் நிற்பவர். அவருடைய ஆங்கிலம் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலிருந்து வந்தது. இருபது வருஷமாக அந்தத் தாள்களைப் படித்துப் படித்து, எந்த வினைச்சொல்லுக்கு எஸ் வரும், எதற்கு வராது என்பது அவருக்குக் கையிலேயே வந்திருந்தது. கணவருக்குத் தானே பாடம் எடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

காலையில் ஆறு மணிக்குச் சமையலறையில் வகுப்பு. அவர் காய் நறுக்கிக்கொண்டே ஒரு தாளைப் படிப்பார். நடுவில் ஒரு வார்த்தையை வேண்டுமென்றே கெடுப்பார். ஏணி ஸ்டூலில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும்.

“திஸ் டேப்லட் மே காசஸ் டிசினஸ். எங்க தப்பு?”

ஏணி யோசித்தார். இந்த மாத்திரையைத்தானே போன மாசம் எனக்குக் கொடுத்தாய் என்று கேட்டார்.

“அது கேள்வி இல்லங்க.”

“தலை சுத்தும்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல.”

“உங்களுக்குச் சுத்திச்சா?”

“இப்பச் சுத்துது.”

மூன்று வாரத்தில் ஏணி நாற்பது மருந்துகளின் பக்க விளைவுகளைத் தெரிந்துகொண்டார். அவற்றில் பாதி தனக்கு இருப்பதாகவும் நம்பினார். ஆனால் இலக்கணமும் கொஞ்சம் ஒட்டியது. ஒன்று என்றால் இஸ், பல என்றால் ஆர். நேற்று என்றால் நேற்றுக்கான சொல். மே என்று வந்தால் அடுத்து வரும் சொல் வாலில்லாமல் வரும். கடைசி வாரம் ஐம்பதுக்கு நாற்பது எடுத்தார். மனைவி நறுக்கிய கேரட்டில் ஒரு துண்டைப் பரிசாகக் கொடுத்தார்.

*

பரீட்சைத் தாளைத் தயாரித்தது திருத்தக்கா.

கம்பெனியிலிருந்து வெளியே போகும் எந்தக் கடிதமும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். மெக்கானிக்குகள் எழுதும் ரிப்போர்ட்டுகளும் அப்படியே. ஒன்பது வருஷமாகத் திருத்துகிறார். திரும்பி வந்த கடிதம் அவர் லீவில் இருந்த நாள் போனது. கழிப்பறைக் கதவில் ஒட்டிய அறிவிப்பைத் திருத்தியிருக்கிறார். பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றபோது எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்த வாழ்த்து அட்டையையும் திருத்தியிருக்கிறார். வாங்கிக்கொண்டவர் தழுதழுத்தது வாழ்த்தாலா திருத்தத்தாலா என்று ஆபீஸில் இரண்டு கட்சி உண்டு.

அவரிடம் ஒரு நீல நோட்டு இருந்தது. ஒன்பது வருஷத்தில் பார்த்த பிழைகளையெல்லாம் அதில் வகை வகையாக எழுதி வைத்திருந்தார். ஒருமை பன்மைக்குத் தனிப் பக்கம். காலத்துக்குத் தனிப் பக்கம். ‘தி’ விட்டுப்போனவற்றை எழுதுவதை முதல் வருஷத்தோடு நிறுத்திவிட்டார்.

பரீட்சைக்கு அந்த நோட்டிலிருந்தே ஐம்பது வாக்கியம் எடுத்தார். இலக்கணப் புத்தகத்தில் வரும் மாம்பழம் தின்னும் பையன்களைவிட நம் ஆட்கள் எழுதியதே நல்லது, அவரவர் செய்யும் தப்பை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். கட்டடங்களின் பெயரை, தேதியை, எண்ணை மாற்றவில்லை. பிழை அங்கே இல்லையே.

ஆபீஸில் வேறு தாள் தீர்ந்திருந்தது. ரிப்போர்ட் படிவம் மட்டும் பத்தாயிரம் அச்சடித்து அடுக்கியிருந்தது. அதிலேயே கேள்விகளை அச்செடுத்தார். படிவத்தின் மேலே வரிசை எண். கீழே எல்லாப் படிவத்திலும் இருக்கும் ஒரு வரி ஆங்கிலத்தில்: மேலே எழுதியிருப்பதை நேரில் பார்த்தேன், உண்மை. அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட ஒரு கோடு. யாரும் தாளை மாற்றிவிடக் கூடாது என்று, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னார்.

சனிக்கிழமை காலை பரீட்சை. மீட்டிங் அறையில் நீள மேஜையின் இரண்டு முனையில் இருவரும் உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் புதியவை, பாலித்தீன் உறை இன்னும் கழற்றவில்லை. அசைந்தால் சத்தம் வந்தது. திருத்தக்கா நடுவில் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். விசிலிடம் விசிலடிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

முதல் வாக்கியம்: துணி மார்க்கெட் கட்டடத்தில் லிஃப்ட் ஆர் ரன்னிங். லிஃப்ட் ஒன்று. ஏணி ஆரை அடித்து இஸ் போட்டார். இவ்வளவுதானா என்று இருந்தது. அடுத்ததும் எளிது. மூன்றாவதும். பத்து நிமிஷத்தில் முதல் பக்கம் முடிந்தது. மனைவியிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்தபடி கையெழுத்துப் போடப் போனார்.

மேலே எழுதியிருப்பதை நேரில் பார்த்தேன், உண்மை.

பேனா நின்றது. மறுபடி முதல் வாக்கியத்துக்குப் போனார். துணி மார்க்கெட் கட்டடம். நாலு வருஷத்துக்கு முந்தைய மார்ச் மாதம். அந்த லிஃப்ட் அன்று ஓடவே இல்லை. விசில் எதிர்க்கடையில் உட்கார்ந்து எழுதிய ரிப்போர்ட் அது. மறுநாள் போய்ச் சரி செய்தது ஏணி.

ஏணிக்கு இது பரீட்சை என்று நன்றாகவே தெரியும். இலக்கணம் மட்டும்தான் கேட்கிறார்கள் என்றும் தெரியும். ஆனால் பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை, கூட வேலை பார்த்தவன் பிரேக் சரியாக இருக்கிறது என்று சொன்னதைக் கேட்டு, பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டு அதே லிஃப்டில் இறங்கினார். அது நாலாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே மூன்று மணி நேரம் இருந்தார். அவசர மணியை அடித்தால் ஆள் வர வேண்டும். அந்த ஏரியாவுக்கு வர வேண்டிய ஆள் அவர்தான். அதற்குப் பிறகு அவர் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

இஸ் என்பதற்குப் பக்கத்தில் நாட் என்று சேர்த்தார்.

அதன் பிறகு மற்றவை கண்ணில் படத் தொடங்கின. வக்கீல்கள் கட்டடத்தில் ரோப் மாற்றியதாக ஒரு வாக்கியம். மாற்றவில்லை, கிரீஸ்தான் போட்டார்கள். கண் ஆஸ்பத்திரியில் கதவு இரண்டு நாளாக மூடவில்லை என்று இன்னொன்று. இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாள். நூலகக் கட்டடத்தில் சத்தம் மோட்டாரிலிருந்து வருவதாக எழுதியிருந்தது. மோட்டாருக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதை விளக்க இடம் போதாமல் ஓரத்தில் ஒரு சின்னப் படம் வரைந்தார். தனக்குத் தெரியாத கட்டடங்களின் வாக்கியங்களுக்குப் பக்கத்தில், பார்க்கவில்லை என்று எழுதினார்.

நேரம் முடிந்தபோது முப்பத்தோராவது வாக்கியத்தில் இருந்தார்.

*

திருத்தக்கா திங்கட்கிழமை திருத்தினார். விசிலுக்கு இருபத்திரண்டு. பிறகு ஏணியின் தாளை எடுத்தார். முதல் வாக்கியத்திலேயே சிக்கினார். ஆர் போய் இஸ் வந்திருக்கிறது, சரி. நாட் எங்கிருந்து வந்தது? அரை மார்க் போட்டார். அழித்தார். முழு மார்க் போட்டார். நாலாவது வாக்கியத்தில் மோட்டாரின் படத்தைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டு ஏணியைக் கூப்பிட்டார்.

ஏணி வந்து நின்றார். பரீட்சைத் தாளில் எதற்குப் படம் என்று திருத்தக்கா கேட்டார். ஏணி தாளின் அடியில் இருந்த வரியைக் காட்டினார். திருத்தக்கா அதைப் படித்தார். அந்த வரியை அவருக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அதில் ஒரு கமா விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்து, படிவத்தையே மறுபடி அச்சடிக்க வைத்தவர் அவர். அது என்ன சொல்கிறது என்று இன்றுதான் படிக்கிறார்.

“நான் திருத்துன ரிப்போர்ட்டெல்லாம் இப்படித்தான் இருக்குமா?” என்றார்.

“இங்கிலீஷ் நல்லா இருக்கும்க்கா,” என்றார் ஏணி.

மொத்தம் பதினாலு மார்க். ஏணி பெயில்.

மாலையில் வீட்டில் இதைச் சொன்னார். மனைவி கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டார். நாற்பது எடுத்துக்கொண்டிருந்தவர் பதினாலு எடுத்தது எப்படி என்று புரியவில்லை. ஏணி விளக்கினார். துணி மார்க்கெட், வக்கீல் கட்டடம், கதவு, மோட்டார். மனைவி முழுவதையும் கேட்டார்.

“முட்டி உங்களோடது. ரோப் யாரோடது?”

“வக்கீலுங்களோடது.”

“அவங்களுக்குக் கேஸ் போடத் தெரியும். நீங்க ஏன் அவங்களுக்காக வாதாடுறீங்க?”

மனைவி கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு, யாரும் சொல்லாமலே ஏணி ஸ்டூலில் போய் உட்கார்ந்தபோது, ஒரு தாளைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

*

பதினாலோடு விஷயம் முடிந்திருக்கும். வெளியிலிருந்து யாரையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் முடிவு செய்திருந்தார். தாள்களை ஃபைலில் போடுவதற்கு முன் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி பார்த்தார்.

இரண்டு வாரத்தில் அரசாங்கத்தின் லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் முதலில் கேட்பது ரிப்போர்ட் படிவங்களைத்தான், வரிசை எண்படி. இப்போது அந்த வரிசையில் ஏணி பரீட்சை எழுதிய மூன்று படிவம், கம்பெனி கொடுத்த பதினோரு பழைய ரிப்போர்ட்டுகள் தப்பு என்று சொல்கின்றன. கீழே மெக்கானிக்கின் கையெழுத்து.

மேனேஜர் ஏணியைக் கூப்பிட்டார். திருத்தக்காவையும் கூப்பிட்டார்.

“இது பரீட்சை. ரிப்போர்ட் இல்ல,” என்றார்.

“பேப்பர் ரிப்போர்ட் பேப்பர் சார்.”

“நாற்காலிகூட ஆபீஸ் நாற்காலிதான். அதுக்காக?”

“கையெழுத்து என்னோடது சார்.”

கிழித்துப் போட்டுவிட்டால் என்ன என்று மேனேஜர் திருத்தக்காவைக் கேட்டார். எண் விட்டுப்போனால் ஏன் விட்டுப்போனது என்று இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று திருத்தக்கா சொன்னார். எழுதினால் திருத்தித் தருவதாகவும் சொன்னார். மேனேஜர் பத்துக்கு மூன்றை நினைத்துக்கொண்டார்.

வழி ஒன்றுதான் இருந்தது. பதினோரு கட்டடத்தையும் மறுபடி சோதித்து, சரி செய்து, புதிய ரிப்போர்ட் எழுத வேண்டும். மறுசோதனை ரிப்போர்ட்டில் சூப்பர்வைசர்தான் கையெழுத்துப் போடலாம். சூப்பர்வைசர் இல்லை. வெளியாளை எடுக்க இரண்டு மாசம் ஆகும். இருக்கிற இரண்டு பேரில் ஒருவரை இந்த வாரத்துக்குள் சூப்பர்வைசர் ஆக்கியே தீர வேண்டும்.

வெள்ளிக்கிழமை மறுபரீட்சை என்றார் மேனேஜர். இந்த முறை வெள்ளைத் தாளில் என்றார். அவரே கடைக்குப் போய் வாங்கி வந்தார்.

திருத்தக்கா நீல நோட்டை மூடி வைத்துவிட்டு இலக்கணப் புத்தகத்தைத் திறந்தார். பையன்கள் பள்ளிக்கூடம் போனார்கள். மாமாக்கள் ஊரிலிருந்து வந்தார்கள். ஒருத்திக்கு மாம்பழம் பிடிக்கவில்லை.

ஏணி தாளைப் புரட்டிப் பார்த்தார். அடியில் ஒரு வரியும் இல்லை. மாம்பழம் பிடிக்காதவளை அவருக்குத் தெரியாது. பிடித்ததா இல்லையா என்று அவரை யாரும் கேட்கவும் இல்லை. நிம்மதியாக எழுதினார். ஐம்பதையும் முடித்துவிட்டு, மீதி நேரத்தில் நாற்காலியின் பாலித்தீன் உறையைக் கழற்றி மடித்து வைத்தார்.

விசிலுக்கு இருபத்தொன்று. ஏணிக்கு முப்பத்தி நாலு.

திருத்தக்கா மூன்று தடவை கூட்டினார். முப்பத்தி நாலுதான். தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். ஏணி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்.

“ஒரு மார்க்குதானேம்மா,” என்றார் மேனேஜர்.

திருத்தக்கா தாளை மேஜையில் வைத்தார். எந்த வாக்கியத்துக்குப் போடுவது என்று காட்டினால் போடுவதாகச் சொன்னார். மேனேஜர் தாளை உற்றுப் பார்த்தார். பதினாறு சிவப்புச் சுழிகள். ஒவ்வொன்றாக விரலை வைத்தார். ஒவ்வொன்றுக்கும் திருத்தக்கா அது ஏன் தப்பு என்று சொன்னார். அவற்றில் நாலைந்து தப்பென்று மேனேஜருக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் ஏணியின் பக்கம் திரும்பினார்.

“நீயாவது சொல்லுய்யா. உனக்குத்தானே வேலை.”

ஏணிக்கு வேலை வேண்டும். இடது முழங்கால் அன்று காலையில்தான் சத்தம் போட்டிருந்தது. திருத்தக்காவைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

“முப்பத்தி நாலுன்னா முப்பத்தி நாலுதான் சார்.”

மேனேஜர் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார். ஒரு பெயிலானவனைப் பாஸாக்க ஒரு மேனேஜர் கெஞ்ச வேண்டிய ஆபீஸ் இது ஒன்றுதான் என்று, அவர்கள் கதவைச் சாத்திய பிறகு, காலியான நாற்காலியிடம் சொன்னார். வெளியே கேட்டது.

அரை மணி நேரத்தில் புதிய உத்தரவு வந்தது. சூப்பர்வைசர் பரீட்சைக்குப் பாஸ் மார்க் இனி முப்பத்தி நாலு. வழக்கப்படி திருத்தக்காவின் மேஜைக்கு வந்தது. மூன்று இடத்தில் திருத்தினார். சுத்தமாக அச்செடுத்தார். இலக்கணப்படி அதில் இனி ஒரு குறையும் இல்லை. பெற்றுக்கொண்டேன் என்று சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் ஏணியிடம் கொடுத்தார்.

ஏணி படித்தார். வியாழக்கிழமைத் தேதி போட்டிருந்தது. உத்தரவு பரீட்சைக்கு முன்னால் வந்ததாக இருக்க வேண்டுமே. அதைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் போனார்.

“நேத்து நீங்க பல் டாக்டர்கிட்ட இருந்தீங்க சார்.”

மேனேஜரால் மறுக்க முடியவில்லை. நேற்று மத்தியானம் வாய் மரத்துப்போன நிலையில் அவர் ஆபீஸுக்கு ஃபோன் செய்து ஏதோ சொன்னதும், அது யார், என்ன வேண்டும் என்று ஆறு பேர் மாறி மாறிக் கேட்டதும் எல்லோருக்கும் தெரியும். உத்தரவை வாங்கி, தேதியை அடித்து, இன்றைய தேதியைப் போட்டார்.

போட்ட பிறகு மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். இன்று மத்தியானம் போட்ட உத்தரவு இன்று காலை நடந்த பரீட்சைக்குச் செல்லாது.

“நாளைக்குக் காலையில் பத்து மணி,” என்றார் மேனேஜர். பிறகு தாடையைப் பிடித்துக்கொண்டார்.

மனைவியிடம் ஏணி ஃபோனில் சொன்னார். அவர் கவுன்டரில் இருந்தார். எவ்வளவு என்று கேட்டார். முப்பத்தி நாலு. எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். காலையில் முப்பத்தைந்து, இப்போது முப்பத்தி நாலு என்றார் ஏணி. அப்படியானால் பாஸ்தானே என்று கேட்டார் மனைவி. இல்லை என்று ஏணி சொல்லி, ஏன் இல்லை என்றும் சொன்னார். மறுமுனையில் மாத்திரை அட்டை கத்தரிக்கும் சத்தம் கேட்டது.

“உங்களுக்கெல்லாம் அங்க வேலையே கிடையாதா?” என்றார் மனைவி.

*

மூன்றாவது பரீட்சையை ஏணி தனியாக எழுதினார். இரண்டு பரீட்சையில் மார்க் இறங்குமுகமாக இருப்பதால் இதோடு மரியாதையாக நிறுத்திக்கொள்வதாக விசில் சொல்லிவிட்டார். திருத்தக்கா மூன்றாவது ஐம்பதைக் கொண்டு வந்தார். இந்த முறை அத்தைகள். மேனேஜர் கதவின் கண்ணாடி வழியாக இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

தாளைத் திருத்தக்கா அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். மேனேஜர் உள்ளே வந்து நின்றார். சிவப்புப் பேனா ஒவ்வொரு வாக்கியமாக இறங்கியது. முப்பதாவது வாக்கியத்துக்குப் பிறகு மேனேஜர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

முப்பத்தி ஆறு.

மேனேஜர் ஏணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு ஏதோ உறைத்தது.

“அப்ப பழைய முப்பத்தஞ்சுக்கே பாஸ்தானா?”

ஆமாம் என்றார் திருத்தக்கா.

“அந்த ஆர்டரைக் கிழிச்சிடலாமா?”

அதற்கும் எண் இருக்கிறது என்றார் திருத்தக்கா.

*

திங்கட்கிழமை ஏணி சூப்பர்வைசராக முதல் கட்டடத்துக்குப் போனார். துணி மார்க்கெட். கடைசி மாடியில் லிஃப்டை விட்டு இறங்கி, இரும்பு ஏணியின் கீழே படிவத்தோடு நின்றார். கீழே நிற்பது வினோதமாக இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. விசில் டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு மேலே ஏறினார். டார்ச் இருந்ததால் விசில் இல்லை.

மெஷின் ரூம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் நடமாடும் சத்தம். பிறகு விசில் மேலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, ஏணி கீழே எழுதினார். மோட்டார் சரி. ரோப் சரி. கதவு வயரிங் சரி.

“பிரேக் லைனிங் எவ்வளவு இருக்கு?” என்று ஏணி கேட்டார்.

“அஞ்சு மில்லிண்ணே.”

கேட்ட வேகத்தில் பதில் வந்தது. ஏணி ஐந்து என்று எழுதினார். அளந்தாயா என்று கேட்டார்.

“அளக்காமச் சொல்வனா?”

மேலே விசிலடிக்கும் சத்தம் தொடங்கியது. ஏணி படிவத்தைச் சுவரில் வைத்து, பேனாவைக் கோட்டின் மேல் கொண்டு போனார். விதிப்படி எல்லாம் சரி. கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். இதற்காகத்தான் மூன்று பரீட்சை. இதற்காகத்தான் நாற்பது மருந்து.

கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த வரியைப் படித்தார். பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். விசிலைக் கீழே இறங்கச் சொன்னார்.

விசில் இறங்கி வந்து, என்னண்ணே என்றார். ஏணி படிவத்தை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினார். இருபத்திரண்டு படி. பதினோராவது படியில் நின்று மூச்சு வாங்கினார். அப்படி நின்றது இதுவரை இல்லை.

பிரேக்கைத் திறந்து, தடிமன் அளக்கும் வெர்னியரை வைத்தபோது ஃபோன் அடித்தது. மனைவி. கவுன்டரில் கூட்டம் இருப்பது சத்தத்தில் தெரிந்தது.

“சூப்பர்வைசர் சார் என்ன பண்றீங்க?”

“வேலை.”

“எங்க?”

“துணி மார்க்கெட் பில்டிங்ல.”

“பில்டிங்ல எங்க?”

ஏணி சுற்றிப் பார்த்தார். மோட்டார், பெட்டி, எண்ணெய் படிந்த தரை, சின்ன ஜன்னலில் ஒரு புறா.

“மேல,” என்றார்.

மறுமுனையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். ஒரு நிமிஷம் இருங்க என்று மனைவி அவர்களிடம் சொன்னார். ஏணி ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெர்னியரை இறுக்கினார்.

“இன்னும் எத்தனை பில்டிங்?”

“பத்து.”

“எல்லாத்துலயும் ஏறுவீங்களா?”

ஏணி வெர்னியரைப் பார்த்தார். மூணரை மில்லி.

“ஏறணும் போலதான் இருக்கு.”

மனைவி இருமல் மருந்தின் விலையைச் சொல்வதும், இரண்டு வேளை சாப்பாட்டுக்குப் பிறகு என்று சொல்வதும் கேட்டது. பிறகு குரல் பக்கத்தில் வந்தது.

“இறங்கும்போது வலது காலை முதல்ல வைக்காதீங்க. சத்தம் போடுற இடதை வைங்க. ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலும் வந்தப்புறம் அடுத்த படி. கேக்குதா?”

“கேக்குது.”

ஃபோன் அணைந்தது. ஏணி படிவத்தைப் பிரித்து மோட்டாரின் மேல் வைத்தார். ஐந்தை அடித்து மூணரை என்று எழுதினார். மற்ற மூன்றையும் போய்ப் பார்த்தார். அவை சரியாகத்தான் இருந்தன. கையெழுத்துப் போட்டார். கீழே விசில் ஒரு பாட்டை முடித்து அடுத்ததை ஆரம்பித்திருந்தார். ஏணி கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி, இடது காலை முதல் படியில் வைத்தார்.